படகுக்கு அடியில் விளக்கு

12.8.1986, செவ்வாய்.

நிபோங் திபால் ஊர் மூர்த்தியின் அலுமினியப் படகுக்குத் தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளும் ஜெட் எஞ்சின் பொருத்த, அடித்தகட்டை வெட்டி, தண்ணீர் உறிஞ்சும் வாயை இன்று வெல்டிங் வைத்து முடித்தேன். "நாளைக்கு ஆத்துல இறக்கிடலாம்லா, அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் தண்ணீர் ஏறிவிடும்.

வழக்கமாக நான் படகுக்குள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு இருட்டில் படுத்துப் பார்ப்பேன். வெளிச்சம் கசிகிறதா என்று தெரிய, என்னோடு பட்டறையில் வேலை செய்த செல்வம் அண்ணன் படகுக்கு அடியில் விளக்கை நகர்த்துவார். அவர் சிங்கப்பூர் போய் மூன்று மாதம். இன்று விளக்கை நானே அடியில் வைத்துவிட்டு ஏறிப் படுத்தேன்.

"அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு நானே ஒன்பது தடவை ஏறி இறங்கி விளக்கை நகர்த்தினேன். எங்கும் கசிவில்லை.

சொன்னதுகூடப் பரவாயில்லை. சொல்லிவிட்டு, விளக்கு நகரும் என்று காத்துக்கொண்டு படுத்திருந்தேன்.