மாட்டுத் தொட்டியில் என் வாழைப்பழக் கேக்

9.5.2005, திங்கள்

சகுந்தலா டீச்சர் என் கேக்கை மாட்டுத் தொட்டியில் போட்டாள். கை தவறி விழவில்லை. போட்டாள்.

அக்னி வெயில். தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது. குடையை மறந்துவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்குக் கோபத்தில் கூட்டிச் சொல்லிவிடக் கூடாது. டீச்சர் பள்ளிக்கூடத்தில் மனையியல் எடுப்பவள். கோடை லீவில் தன் வீட்டு வராந்தாவில் கேக் வகுப்பு நடத்துகிறாள், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு. நானும் ரஹ்மத்தும் காலேஜில் ஒரே பெஞ்சு. இதிலும் ஒன்றாகச் சேர்ந்தோம். பி.எஸ்ஸி. முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறேன். பிறந்த நாள் கேக்குக்கு ஆர்டர் பிடிக்கலாம் என்று நினைப்பு.

இன்று வாழைப்பழக் கேக், மேலே சாக்லேட். அவரவர் வீட்டில் செய்து கொண்டுபோனோம். டீச்சர் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக் குறை சொன்னாள். "சோடா தூக்கலா இருக்கு." "அடி தீஞ்சிருக்கு பாரு." ரஹ்மத்துடையதையும் தின்றாள். என் தட்டு வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நல்லா எழும்பி வந்திருக்கு இந்திரா. பார்த்தாலே தெரியுது. அப்படி ஓரமா வை, அப்புறம் பார்ப்போம்."

அந்த அப்புறம் வரவேயில்லை. கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். என் தட்டு காலியாக வெளிப்படியில் இருந்தது. கேக் கழுநீரில் மிதந்தது, சாக்லேட் பக்கம் மேலே. மாடு ரசித்து நக்கியது. என் கேக்குக்கு இன்று கிடைத்த ஒரே பாராட்டு.

முட்டை காரணமில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக் கறிக்குழம்பு பக்கத்துத் தெருவரைக்கும் மணக்கும். சர்க்கரை வியாதியும் இல்லை. மற்ற அத்தனை கேக்கும் உள்ளே போனதே.

காரணம் முதல் நாள் பேச்சில் இருக்கிறது.

"வூடு எங்கம்மா?"

"ஏரிக்கரைப் பக்கம் டீச்சர்."

"ஏரிக்கரையில மேலப் பக்கமா, கீழப் பக்கமா?"

"காலனி டீச்சர்."

"ஓ. நல்லா படிச்சிருக்கியே!"

இந்த நோட்டில் அவளுக்கு 'ங்க' கிடையாது. நேரில் போட்டது போதும்.

வாங்க வேண்டியது: துணி சோப்பு, அப்பாவுக்குப் பனியன், மண்ணெண்ணெய் (ரேஷனில் நாளைக்கு ஊற்றுகிறார்களாம்).

10.5, செவ்வாய்

ரேஷன் கடையில் வரிசை. மண்ணெண்ணெய் கிடைத்தது.

அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வாயில்லா ஜீவன் தின்னுச்சுன்னு நெனச்சுக்க."

"உனக்குக் கோவமே வராதாம்மா?"

"வந்து? அந்தக் கோவத்த வச்சு உலை கொதிக்குமா? உங்கப்பாட்ட மட்டும் சொல்லிடாத. அரியலூர்லேர்ந்து நேரா அந்த வூட்டு வாசல்ல போய் நிப்பாரு."

அப்பா அரியலூரில் சிமெண்டு மூட்டை ஏற்றுகிறார். காண்ட்ராக்ட். ஞாயிறு மட்டும் வீடு.

என்ன செய்யலாம்?

ஜன்னலில் கல். சின்னப்பிள்ளைத்தனம்.

மாவில் பேதி மாத்திரை. இதை ரொம்ப நேரம் ஆசையாக யோசித்தேன். வேண்டாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, 'அந்தப் பொண்ணு கேக்க அதுக்குத்தான் நான் தொடல' என்பாள். அவளுக்கு நானே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

கேக் நன்றாக இருக்க வேண்டும். அவள் வாழ்நாளில் தின்ற கேக்கிலேயே நன்றாக. இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்ன வேண்டும். தின்று முடித்த பிறகு நான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை கடைசி வகுப்பு. இதே கேக்கைத் திரும்பச் செய்து வரச் சொல்லியிருக்கிறாள், பாதிப் பேருக்குச் சரியாக வரவில்லை என்று.

செய்முறை, ஒரு வரி விடாமல்:

மைதா ஒன்றரை டம்ளர். பேக்கிங் பவுடர் 1 தே.க., ஆப்பச் சோடா அரை, உப்பு ஒரு சிட்டிகை. சேர்த்துச் சலிக்கணும். பொடித்த சீனி முக்கால் டம்ளர், வெண்ணெய் அரை டம்ளர், வெளுக்கும்வரை குழைக்கணும். கை வலிக்கும். வலித்தால் அவள் முகத்தை நினைக்கணும். முட்டை 2, ஒவ்வொன்றாக. கனிந்த வாழைப்பழம் 3, கையாலேயே மசித்து. கடைசியில் மைதா. அதற்குப் பிறகு இட்லி மாவு மாதிரி போட்டு அடிக்கக் கூடாது, கேக் ரப்பராகிவிடும். மெதுவாகப் புரட்டினால் போதும்.

பழத்தைப் பற்றி டீச்சர் வகுப்பில் சொன்னது: "தோல் கருத்துப் போச்சேன்னு ஒதுக்கிடாதீங்கம்மா. அதுலதான் இனிப்பு."

பழத்துக்கு மட்டும்தான் அந்த நியாயம்.

11.5, புதன்

லப்பைக்குடிக்காடு பஸ், ரஹ்மத் ஊருக்கு. நின்றுகொண்டே போனேன். முன் சீட்டில் ஒரு அம்மா மடியில் கோழி.

ரஹ்மத்தின் அத்தா துபாயில் கடையில் வேலை. போன மாதம் வந்து போனார். பிரிட்ஜ் நிறைய சாக்லேட். மாடியில் உட்கார்ந்து திட்டத்தைச் சொன்னேன். அவள் கேக்கை நான் என்னுடையது என்று கொண்டுபோவது. என் கேக்கை அவள் தன்னுடையது என்று கொண்டுபோவது.

"பொய் சொல்லச் சொல்றியா புள்ள?"

"நீ வாயே தொறக்க வேணாம். தட்டக் கொண்டுபோய் வை. போதும்."

"அப்ப என் கேக்கு மாட்டுக்கா?"

"ஆமா."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அப்படியெல்லாம் இருக்காது இந்திரா. டீச்சர் எங்கம்மாட்ட எவ்ளோ பிரியமா பேசுவாங்க தெரியுமா? அன்னிக்கு வயிறு நெறஞ்சிருக்கும். மிச்சத்த மாட்டுக்குப் போட்டிருப்பாங்க."

"சரி. சனிக்கிழம பாரு."

கோபம் வந்தது, இவள்மேலும். ஆனாலும் இரண்டு பெரிய சாக்லேட் கட்டி கொடுத்தாள். வெள்ளாற்று மணலும் ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தாள், குக்கருக்குள் பரப்பிக் கேக் வேகவைக்க. போன தடவை உப்பைப் பரப்பினேன். "நல்லா சலிச்ச மணலு. எங்க வூட்டுல முறுக்குப் புழிய மாவு சலிக்கிற சல்லடை. அம்மா பார்த்துட்டு ஒரே சத்தம்."

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர்: "மணலு மூட்டைக்கு லக்கேஜ் போடவா பாப்பா?" பஸ் முழுக்கச் சிரிப்பு.

12.5, வியாழன்

நாசம்.

குக்கரில் மணலைப் பரப்பிவிட்டு முட்டை வாங்கக் கடைக்குப் போனேன். அந்த நேரத்தில் அம்மா மூடியைத் திறந்திருக்கிறாள். குக்கருக்குள் மண். அவளுக்கு எப்படியிருக்கும்? அவ்வளவையும் வாசலில் கொட்டி, குக்கரைத் தேய்த்துக் கழுவி, பாவம் பிள்ளை தண்ணீர் வைக்க மறந்துவிட்டது என்று இரண்டு டம்ளர் தண்ணீரும் ஊற்றி, அடுப்பையும் பற்றவைத்திருக்கிறாள். ஆவி வந்துகொண்டிருந்ததால் சூடு ஏறிவிட்டது என்று நினைத்து, குனிந்து பார்க்காமல் மாவுப் பாத்திரத்தை உள்ளே இறக்கி மூடிவிட்டேன்.

வெந்து வந்தது கேக் இல்லை. கொழுக்கட்டை. வழவழவென்று, வெளுப்பாக.

"நல்லாத்தாண்டி இருக்கு. தேங்கா துருவிப் போடவா?"

கத்தினேன். அம்மாவைக் கத்தியிருக்கக் கூடாது. எல்லாம் அவளால் வந்தது. சகுந்தலாவால்.

வாசலிலிருந்து மணலை அள்ளித் திரும்பச் சலித்தேன். நாளைக்கு அம்மா அடுப்படிக்கு வரக் கூடாது என்று சட்டம்.

ஸ்டவ் திரியை வெட்ட வேண்டும். புகைந்தால் கேக்கில் மண்ணெண்ணெய் வாடை ஏறும். அதை மோந்தால் எந்தத் தெருக் கேக் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

13.5, வெள்ளி

மத்தியானம் செய்தேன். குக்கரில் இரண்டு விரல் உயரம் மணல், மேலே ஒரு தட்டு. தண்ணீர் கிடையாது, கேஸ்கட் கிடையாது, வெயிட் கிடையாது. முதலில் வெறும் குக்கரை நன்றாகக் காய விட்டேன். பாத்திரத்தில் வெண்ணெய் தடவி மைதா தூவி, பாதியளவுக்கு மாவு. சின்னத் தீ. முக்கால் மணி நேரம் கிட்டேயே உட்கார்ந்திருந்தேன். முதுகெல்லாம் வேர்வை. நடுவில் திறக்கவேயில்லை. ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தேன், ஒட்டாமல் வந்தது.

ஆறும்வரை சாக்லேட் ஊற்றக் கூடாது. சூட்டில் ஊற்றினால் உறிஞ்சிக்கொண்டு சேறாகிவிடும். இந்தப் பொறுமைதான் எனக்கு வராது. இன்று வந்தது.

துபாய் சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் கிண்ணம் வைத்து உருக்கி, ஒரு துண்டு வெண்ணெய், கொஞ்சம் சூடான பால். நடுவில் ஊற்றினேன், தானாக ஓரத்துக்கு ஓடியது. கண்ணாடி மாதிரி. என் முகம் தெரிந்தது.

மிச்ச மாவில் டம்ளரில் வைத்த சின்னது: அம்மாவுக்கு. "இதப் போயா மாட்டுக்குப் போட்டா அவ!" என்றாள். முதல் தடவையாக அவளுக்குக் கோபம்.

14.5, சனி

புது பஸ் ஸ்டாண்டில் தட்டுகளை மாற்றிக்கொண்டோம்.

வராந்தாவில் எல்லாத் தட்டுகளும் வரிசையாக. ரஹ்மத் வைத்த என் கேக்கை டீச்சர் முதலிலேயே பார்த்துவிட்டாள்.

"அடேயப்பா, என்ன பளபளப்பு! அத்தா கொண்டாந்த சாக்லேட்டா ரஹ்மத்து?"

ர. தலையை ஆட்டினாள். பொய் இல்லையே.

ஒரு துண்டு. கண்ணை மூடித் தின்றாள். இன்னொரு துண்டு. "இதாம்மா பதம். எல்லாரும் எடுத்துப் பாருங்க." பக்கத்தில் இருந்த பேங்க் மேனேஜர் மனைவிக்குத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். விரலைச் சூப்பினாள். நான் பார்த்தேன். விரலைச் சூப்பினாள்.

பிறகு நான் வைத்த தட்டு, அதாவது ரஹ்மத் செய்த கேக்.

"நல்லா வந்திருக்கு இந்திரா. அப்படி ஓரமா வை, அப்புறம் பார்ப்போம்."

அதே வார்த்தை. ர. முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். திங்கட்கிழமை இதே கையால் செய்ததைத் தின்ற வாய் அது. இன்று என் தட்டில் இருந்ததால் ஓரம். ர. உதடு உள்ளே மடிந்தது.

எழுந்து சொன்னேன். "டீச்சர், நீங்க சாப்பிட்டது நான் செஞ்சது."

"வெளையாடாதம்மா."

"ஆமா டீச்சர்," ர. சொன்னாள். குரல் பிசிறியது. ஆனால் சொன்னாள். "அது இந்திரா செஞ்சது. ஓரமா வச்சீங்களே, அதுதான் என்னுது."

மெல்லுகிற வாய்கள் நின்றன. டீச்சர் திட்டவில்லை. சிரித்தாள். "அப்படியா, இருக்கட்டும், இருக்கட்டும்" என்று உள்ளே போனாள். கொல்லையில் வாளிச் சத்தம். பிறகு கொப்பளிக்கிற சத்தம். நிறைய நேரம்.

பேங்க் மேனேஜர் மனைவி மட்டும் துண்டை முழுக்கத் தின்று முடித்தாள். "நல்லாருக்குப்பா. ஆர்டருக்குச் செய்வியா?" என்று கேட்டாள். நான் அந்தக் கொப்பளிப்புச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன். இந்த வகுப்புக்கே நான் வந்தது அந்தக் கேள்விக்காகத்தான்.

ஜெயித்தேன். வீட்டுக்கு ஆடிக்கொண்டே வந்தேன்.

15.5, ஞாயிறு

லேசாகத் தூறி ஏமாற்றியது. அப்பா வந்தார். பனியன் சின்னது, மாற்ற வேண்டும்.

சாயங்காலம் டெலிபோன் பூத்திலிருந்து ரஹ்மத்துக்குப் பேசினேன்.

"டீச்சர் எங்கம்மாவுக்குப் போன் பண்ணாங்கடி. 'நான் தெரியாமத்தான சாப்பிட்டேன், தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பேனா'ன்னு. எல்லார்ட்டயும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காங்களாம்."

"உங்கம்மா என்ன சொன்னாங்க?"

"போன வச்சுட்டாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, 'உன் கேக்க மாடு தின்னுச்சா?'ன்னு கேட்டாங்க."

தெரியாமல் தின்றேன். இதுதான் இப்போது அவள் கேடயம். ஏமாற்றி ஊட்டியது நான், கேடயத்தைச் செய்து கொடுத்ததும் நான். ஊர் அவளைப் பாவம் என்கிறது. என்னை ஏமாற்றுக்காரி என்கிறது.

நேற்றைய ஜெயிப்பு செல்லாது.

பழக்கடையில் கருத்த பழம் ஒரு சீப்பு. சாக்லேட் ஒரு கட்டி மீதி இருக்கிறது.

16.5, திங்கள்

காலையிலேயே செய்தேன். அம்மாதான் மணலைக் காய வைத்தாள், கேட்காமலே. "கேஸ்கட்டக் கழட்டிட்டேன்" என்றாள்.

பத்தரை மணி வெயிலில் நடந்தேன். கேக்கை மெல்லிய துண்டுகளாக வெட்டியே எடுத்துப்போனேன். அந்த வீட்டு கிரில் கதவின் கம்பி இடைவெளி எனக்குத் தெரியும்.

கதவு பூட்டியிருந்தது. டீச்சர் உள்ளிருந்து வந்தாள். சாவி கையில்.

"இந்திராவா? க்ளாஸ்தான் முடிஞ்சிடுச்சேம்மா."

"தெரியும் டீச்சர். கேக் கொண்டாந்திருக்கேன்."

"எதுக்கும்மா இதெல்லாம். நடந்தது நடந்துபோச்சு. நான் மனசுல வச்சுக்கல."

"நான் வச்சிருக்கேன் டீச்சர். இது என் கேக்கு. காலனியில, எங்கம்மா குக்கர்ல நான் செஞ்சது. இப்ப உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சே ஒரு துண்டு சாப்பிடுங்க."

"இப்பத்தான் டிபன் ஆச்சு. அங்க வச்சுட்டுப் போ, அப்புறம்..."

"அப்புறம் வேணாம்."

கொல்லையில் மாடு கத்தியது. அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள், நானும் பார்த்தேன். எதிர் வீட்டுக் குழாயில் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. பிடித்துக்கொண்டிருந்தவள் குடத்தை எடுக்கவில்லை.

ஒரு துண்டை எடுத்துக் கம்பி இடுக்கில் கையை விட்டேன். சரியாக நுழைந்தது. அவள் முகத்துக்கு ஒரு ஜாண் தூரம். அவள் பின்னால் நகரவில்லை. முன்னாலும் வரவில்லை. சாவி மட்டும் குலுங்கியது. சாக்லேட் உருகி என் மணிக்கட்டில் இறங்கியது, முழங்கைக்கு வந்தது. கையை எடுக்கவில்லை.

மறுபடியும் சொன்னேன், தெருவுக்கே கேட்கும்படி:

"வாயத் தொறந்து சாப்பிடுங்க டீச்சர்."