சாய்ந்த மூக்கு

மார்ச் 3

அக்காவின் மூக்கை உடைத்தது எங்கள் கம்பெனிதான். கத்தி வைத்தது வேறொருவனாக இருக்கலாம். உடைத்தது இவர்கள்.

எட்டு வருடமாக ஒரு க்ரீம் டப்பாவின் மேல் அவள் முகம். பஸ்ஸின் முதுகில், மருந்துக்கடைக் கண்ணாடியில், எங்கே திரும்பினாலும் அவள்தான். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்வது என் வேலை. பின்னால் நின்று மேற்பார்வை பார்க்கிற மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘இன்னும் கொஞ்சம்’. மூக்கில் இருந்த மேட்டை இறக்கினேன். “இன்னும் கொஞ்சம்.” ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததை நிமிர்த்தினேன். “இன்னும் கொஞ்சம்மா.”

ஒரு கடைத் திறப்பு விழாவில், செல்ஃபி எடுக்க வந்தவளே “நேர்ல இவ்வளவுதானா?” என்றாளாம். அன்றிலிருந்து அக்கா தன் படத்தையே துரத்த ஆரம்பித்தாள். மூன்று ஆபரேஷன்.

இப்போது மூச்சு விட்டால் விசில் சத்தம் வருகிறது. “குக்கர் கத்துது, அடுப்ப அணைங்க” என்று அவளே சொல்லிச் சிரிக்கிறாள். அம்மா சிரிக்கவில்லை.

மார்ச் 5

‘இன்னும் கொஞ்சம்’ அக்காவை நேரில் பார்த்தார். “அவங்க ரெஸ்ட் எடுக்கட்டும். ஆள் எதுக்கு? நம்மகிட்ட தலை இருக்கே.”

வேறொரு பெண்ணை நிற்கவைத்து எடுத்த உடம்பில் அக்காவின் பழைய தலையை ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். கழுத்து நிறம் அச்சாகப் பொருந்தியது. பாராட்டினார். தூ.

மார்ச் 9

புது டாக்டர். மூக்கின் உள்ளே எல்லாம் இடிந்து கிடக்கிறதாம். விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து மறுபடி கட்ட வேண்டும்.

“மொதல்ல மூச்சு. அழகெல்லாம் அப்புறம். ஆனா பழைய மூக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சா அதே மாதிரி கட்டலாம். ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த போட்டோ கொண்டாங்க. யாரும் கைவெக்காத போட்டோ.”

முதலில் அறுத்தவன் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு ஓடி ஒரு வருடமாகிறது. போகட்டும், ஒரு போட்டோவா கிடைக்காது?

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு அந்தக் கோண மூக்கே போதும்டி.” இத்தனை வருடத்தில் அவள் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

மார்ச் 10

அலுவலகத்தில் ஒன்றுகூட இல்லை. திருத்தி முடித்ததும் மூலப்படத்தை அழித்துவிட வேண்டும், வெளியே கசியக் கூடாது என்பது விதி. அழித்ததற்குக் கையெழுத்துப் போட்ட தாள்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் என் கையெழுத்து.

மார்ச் 11

வீட்டு ஆல்பம். ஆறு வயதில் வாளிக்குள் உட்கார்ந்து குளிக்கிற அக்கா: நேர் மூக்கு. பள்ளிக்கூட வாசலில்: நேர் மூக்கு. அம்மா இடுப்பில்: நேர் மூக்கு.

ஒரு பத்திரிகை சின்ன வயதுப் படங்கள் கேட்டதே, அப்போது. அக்கா என்னிடம் திருத்தச் சொன்னது நாலு படம். நான் ஆல்பத்தையே அள்ளிப்போய் நாற்பதையும் திருத்தி, புதிதாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தேன். பழையவற்றைக் கிழித்தது அவள். ஆனால் மீதி முப்பத்தாறைத் திருத்தச் சொன்னது யார்? அன்றைக்கு என் பின்னால் யாரும் நிற்கவில்லையே. கை தானாகப் போனது — அடையாள அட்டைப் படம் வரைக்கும்.

மார்ச் 12

அத்தை, சித்தி எல்லோரும் உடனே படம் அனுப்பினார்கள். எல்லாம் நான் கொடுத்த பிரிண்ட். ஃபோனில் இருக்கிற செல்ஃபியெல்லாம் ஃபில்டர் போட்டது, விழாக்களில் மற்றவர்கள் எடுத்ததும்கூட. பள்ளித் தோழி அனுப்பிய வகுப்புப் படத்தில் அக்கா கடைசி வரிசை. மூக்கை மறைத்துக்கொண்டு முன்னால் ஒருத்தியின் ரிப்பன்.

மார்ச் 14

வரைந்தாவது கொடுக்கலாமென்று உட்கார்ந்தேன். வலப்பக்கம் சாய்த்து வரைந்தேன்.

“எடது பக்கம்டி” என்றாள் அம்மா. “பெத்தவளுக்குத் தெரியாதா?”

“வலதும்மா. எட்டு வருஷமா தெனமும் பாக்கறேன்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. விளம்பரத்தில் முகம் எழுத்தின் பக்கம் பார்க்க வேண்டும். அதற்காக, தேவைப்பட்டால், படத்தை இடம்வலமாகப் புரட்டிவிடுவார்கள். அதற்கப்புறம்தான் என்னிடம் வரும். நான் பார்த்தது நிஜ அக்காவையா, புரட்டிப்போட்ட அக்காவையா? நேரில்? ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நேரில் அவளை எப்போது பார்த்தேன்?

அம்மாவும் குழம்பிவிட்டாள். “எனக்கு எடதா, அவளுக்கு எடதா... இருடி, சொல்றேன்.” தன் மூக்கையே இடமும் வலமுமாகத் தள்ளிப் பார்த்தாள்.

அக்காவிடமே கேட்டேன். “கண்ணாடியில மூக்கப் பாக்காம இருக்கத்தாண்டி இத்தன வருஷமாப் பழகினேன்.”

மார்ச் 16

இனிமேல் அழிக்கிற தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். “இன்னும் கொஞ்சம் யோசிம்மா” என்றார்.

மார்ச் 17

ஆஸ்பத்திரி. காலையிலேயே அக்காவை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக வந்துவிட்டார்கள். நான் வரைந்த இரண்டு தாள்களை அக்காவின் போர்வைமேல் வைத்தேன். ஒன்றில் மூக்கு வலப்பக்கம், ஒன்றில் இடப்பக்கம். மாற்றி மாற்றிப் பார்த்தாள். விசில் சத்தம். டாக்டர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா இரண்டையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“நீதானே அழிச்ச. இதுல எது நான்னு நீயே சொல்லு.”