பிளாஸ்மாவில் பதிந்த முகம்

மட்டுவில் தெற்கு,
சாவகச்சேரி.
12.09.2013

அன்புள்ள மகன் றொபினுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகள் தயாளினியும் அங்கே அப்படியே இருக்கவேண்டுமென்று ஒவ்வொரு நாளும் செபிக்கிறேன். கோபம் உள்ள நாட்களிலும் செபிக்கிறேன். இன்றைக்கும் செபித்துவிட்டுத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் கோபம் போகவில்லை, அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா நல்லாக எழுதிக்கொண்டு வந்து கடைசியில் ஏசிப்போட்டா என்று நீ சொல்லக்கூடாது. இதைப் போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாயைத் திறந்தால் நீ மூன்று சொல்லிவிடுவாய், அதற்குப் பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்கு நடுவில் நீ கதைக்க முடியாது. பக்கத்து வீட்டு மார்கிரட் அக்காவின் மகன் றஜிந்தன் லீவில் வந்து நிற்கிறான், வருகிற கிழமை நீ இருக்கிற ரொறன்ரோவுக்குத் திரும்புகிறான். அவனிடம் இதையும் ஒரு பை மிளகாய்த்தூளையும் கொடுத்துவிடுகிறேன்.

தங்கச்சி ஜெனிற்றா சுகம், அவளுடைய சின்னவளுக்கு முன்பல்லு விழுந்துவிட்டது, சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்துகிறாள். மழையைக் காணோம், கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது, முற்றத்து மாதுளை வாடிப்போய் நிற்கிறது. அப்பாவின் வலது கண்ணில் வெள்ளை படர்ந்ததற்கு ஒப்பரேசன் செய்தாயிற்று, இடது கண்ணுக்கு இன்னும் நாள் தரவில்லை. கிட்ட இருப்பதைப் பார்க்கிறார், பேப்பர் வாசிக்கக் கஷ்டப்படுகிறார். இதெல்லாம் உனக்கு ஜெனிற்றா சொல்லியிருப்பாள். அவள் சொல்லாததைச் சொல்லத்தான் நான் எழுதுகிறேன்.

நீ அந்த ரீவியைத் தெரிவு செய்த கதை எனக்குச் சாகும்வரை மறக்காது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நீ எங்களோடு வேறொன்றும் கதைக்கவில்லை, பிளாஸ்மாவா எல்சிடியா, நாற்பத்திரண்டா ஐம்பதா, இதுதான் கதை. நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்டால், பிளாஸ்மாவில் கறுப்பு உண்மையான கறுப்பாகத் தெரியும் அம்மா என்று மறுமொழி சொன்னாய். தயாளினிக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டால், ஓடுகிற படம் இழுபடாது என்றாய். அப்பாவுக்குப் பிளாஸ்மா என்றால் டெங்குக்காரருக்கு ஆசுபத்திரியில் ஏற்றுகிற சாமான் என்றுதான் தெரியும், பஸ் ஓட்டிய மனிசன், ஆனாலும் நீ சொன்னதற்கெல்லாம் ஓம் மகன் ஓம் மகன் என்றார். அவர் ஏன் சம்மதித்தார் என்று உனக்குத் தெரியுமோ தெரியாது. விசா கிடைக்காதபடியால் உன்னுடைய கலியாணத்துக்கு நாங்கள் வரவில்லை, டிவிடிதான் வந்தது. பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் கோயிலுக்குள்ளே நின்று பார்த்த மாதிரி இருக்கும் அப்பா என்று நீ ஒரு சொல் சொன்னாய். அந்தச் சொல்லில்தான் அவர் விழுந்தார். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. படத்தைப் பெரிசாக்கி அனுப்புகிறவன் ஒருதரம் ஆளையே அனுப்பினால் என்ன என்று கேட்டேன், நீ சிரித்தாய், நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

கொழும்பிலிருந்து லொறியில் பெட்டி வந்து இறங்கியபோது ஒழுங்கைச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. என்னுடைய கண்ணாடி அலுமாரி விறாந்தைக்குப் போனது, கதிரைகள் எல்லாம் எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டன, கிட்ட இருந்து பார்க்கக்கூடாது என்று நீ போனில் அளந்து சொன்னாய். வெளிச்சம் கண்ணாடியில் அடிக்கும் என்று யன்னலுக்குத் தடிப்பான சீலை போடச் சொன்னாய், போட்டோம், பட்டப்பகலில் வீடு இருட்டாகக் கிடக்க, உள்ளே யாருக்கோ சுகமில்லை என்று நினைத்து மார்கிரட் அக்கா கஞ்சியோடு வந்தா. ரீவி ஓடினால் முன்னறை குசினி மாதிரிச் சுடும், அப்பா சேட்டைக் கழற்றிவிட்டுத்தான் செய்தி பார்ப்பார். கறண்ட் ஏறி இறங்குகிற ஊரில் அதற்கென்று ஒரு ஸ்ரெபிலைசர், அது ஒரு பக்கம் இரைந்துகொண்டிருக்கும், கறண்ட் குக்கரில் சோறு வேகிற நேரம் ரீவி போடக்கூடாது, ரீவி ஓடுகிற நேரம் சோறு போடக்கூடாது. இதையெல்லாம் நான் ஒருநாளும் உனக்கு முறையிடவில்லை. பிள்ளை ஆசையாக வாங்கித் தந்தது என்று பொறுத்தேன், துடைக்கிறதற்குக்கூட நீ சொன்ன மெல்லிய துணியைத்தான் பாவித்தேன்.

எங்கள் ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. வெளிநாட்டில் பிள்ளை கலியாணம் முடித்தால் வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் தேத்தண்ணி, பிறகு கலியாண வீடியோ, பார்க்காமல் எழும்பினால் மரியாதை இல்லை. போதகர் பார்த்தார், மீன்காரர் பார்த்தார், மீற்றர் பார்க்க வந்தவர்கூட மோதிரம் மாற்றுகிற இடம்வரை இருந்து பார்த்தார். உன்னுடைய வீடியோக்காரன் நல்லாகத்தான் எடுத்திருக்கிறான், ஆனால் அவனுக்குக் கலியாணப் பொம்பிளைப் பக்கம்தான் கண், உன்னை எங்கே காட்டினாலும் அரைமுகம், இல்லாவிட்டால் முதுகு. ஒரே ஒரு இடம் இருக்கிறது. தயாளினி உள்ளே வருமுன் நீ பீடத்தருகே நின்று வாசலைப் பார்க்கிறாய், அது எங்களை நேரே பார்க்கிற மாதிரி இருக்கும். அப்பா அந்த இடத்தில் படத்தை நிற்பாட்டி, உவன்தான் எங்கடை பெடியன் என்று வந்தவர்களுக்குச் சொல்லுவார், உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவர்களுக்கும் அப்படித்தான் சொல்லுவார்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். போன மாதம் ஜெனிற்றா வந்து செய்தி போட்டாள், செய்தி வாசிக்கிற பிள்ளைக்கு உன்னுடைய மீசை. வேறு சனலுக்கு மாற்றினாள், கிரிக்கெட் புல்லுக்குள் உன்னுடைய கழுத்து ரை முடிச்சு. நிற்பாட்டி வைத்த முகம் திரையில் ஊறிப்போய் எல்லாவற்றுக்கும் பின்னால் நிழலாக நின்றது. அவள் சிரித்துச் சிரித்துப் படமெடுத்து உனக்கு அனுப்பினாள். நீ சிரிக்கவில்லை. அந்த ஞாயிறு போனை எடுத்தவர் அப்பா, நான் பக்கத்தில் நின்றேன், நீ கத்தினது எனக்கும் கேட்டது. ஒரே படத்தை நெடுநேரம் விடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னாயாம், ஒரு சின்னப்பிள்ளைக்குக்கூட விளங்குமாம், எவ்வளவு தேடி ஆராய்ந்து எடுத்த சாமானாம். அதோடு விட்டிருக்கலாம். "உங்களுக்கு உதெல்லாம் சரிவராது அப்பா, அந்தப் பழைய ரீவிப் பெட்டியே போதும்" என்று சொன்னாய். அப்பா ஓம் மகன் என்றார், போனை என்னிடம் தந்தார், சேட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றையிலிருந்து ஞாயிறு பின்னேரம் நீ எடுக்கிற நேரம் பார்த்து வாய்க்கால் வெட்டி வாழைக்குத் தண்ணீர் மாறிவிடப் போகிறார். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது என்று மேலே எழுதினேன். அப்பா வேலையாக நிற்கிறார் என்று நான் சொல்ல, சரி அம்மா என்று நீயும் விட்டுவிடுகிறாய், எனக்கு உன் மேல் வருகிற கோபம் இந்த இடத்தில்தான்.

ஏன் நிற்பாட்டி வைத்தார் என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொல்கிறேன், கேள். ஜெனிற்றாவின் போனில் ஸ்கைப்பில் நீ வரும்போது உன் முகம் புளியங்கொட்டை அளவு, அதுவும் நடுங்கும், விட்டுவிட்டு வரும். அப்பாவின் கண்ணுக்கு அது ஒன்றும் இல்லை, தெரிகிறது தெரிகிறது என்று பொய் சொல்லுவார், நீ சுகமாக இருக்கிறாயா என்று என்னிடம்தான் பிறகு கேட்பார். மத்தியானம் சாப்பிட்டு முடிய, ஆட்கள் இல்லாத நேரம், அவர் டிவிடியைப் போட்டு அந்த இடத்தில் நிற்பாட்டுவார். கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போவார், நீ அளந்து சொன்ன தூரத்தில் இல்லை, கைக்கெட்டுகிற தூரத்தில். இருந்து தேத்தண்ணி குடிப்பார். பயப்படாதே, அவருக்கு மூளை பிசகவில்லை, படத்தோடு கதைக்கிறதில்லை. சில நாள் என்னைக் கூப்பிட்டு, பெடியன் மெலிஞ்சு போனான் என்பார், அது பழைய படமப்பா என்று நான் சொல்லுவேன். கொஞ்சநேரம் போனால் டிவிடிப் பெட்டி தானாகவே தன்னுடைய பெயரைத் திரையில் ஓடவிடும், அது சாமானைக் காப்பாற்றத்தான் என்று நீ சொல்லியிருந்தாய். அது ஓடத் தொடங்கினதும் அப்பா றிமோட்டை அமத்தித் திரும்ப உன்னைக் கொண்டுவருவார். அப்படிப் பழுதாய்ப் போனது அது, அவருக்கு விளங்காமல் இல்லை, நல்லாக விளங்கித்தான்.

இவ்வளவும் இருக்க, போன கிழமை ஜெனிற்றா மெதுவாக வந்து, மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு வருகிறேன் என்ற அண்ணை வரமாட்டாராம், லீவு சரிவரவில்லையாம், அதற்குப் பதிலாகப் புதிசாய் ஒரு எல்ஈடி அனுப்புகிறாராம், அதில் முகம் ஒட்டாதாம், கொழும்பிலிருந்து ஆள் வந்து பழையதைக் கழற்றிக்கொண்டு போகுமாம் என்று சொல்கிறாள். எனக்குச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை, தங்கச்சியைப் பிடித்திருக்கிறாய். பதிலாக என்றால் எதற்குப் பதில் மகன்? அப்பா உன்னுடைய அறைக்கு ஆடியிலேயே வெள்ளை அடித்துவிட்டார். நத்தார் ஆராதனையில் எங்கள் குடும்பம் எல்லாரும் சேர்ந்து பாட்டுப் படிப்போம் என்று போதகரிடம் சொல்லியும் வைத்துவிட்டார், இப்போது அதைத் திரும்பப் போய்ச் சொல்ல மாட்டேன் என்கிறார். மார்கிரட் அக்கா வீட்டில் இன்னும் அந்த முதுகு தள்ளின பழைய ரீவிதான். றஜிந்தன் வந்த நாளிலிருந்து சாரத்தைக் கட்டிக்கொண்டு தாயின் பம்பைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு இருக்கிறான், இன்னும் அது தண்ணீர் இழுக்கவில்லை, அவவுக்கு அதைப்பற்றி ஒரு கவலையும் இல்லை. நான் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். பொறாமை என்று நினைத்தால் நினை, ஓம், பொறாமைதான்.

போன சனிக்கிழமை, சுவரில் ரீவி பூட்டித் தந்த செபநாயகத்தை நான்தான் கூப்பிட்டேன், புதிதாய் ஒன்று வரவேண்டிய தேவை இல்லாமல் செய்யலாமோ என்று. அவன் பார்த்துவிட்டு, இது முழுக்க எரிந்து போகவில்லை அன்ரி, வெறும் வெள்ளைப் படத்தைப் போட்டு நிற்பாட்டாமல் ஓடவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும் என்றான். வெள்ளையைப் போட்டான். அறை முழுக்க வெளித்தது, றொபின், நடுவில் நீ. செய்திக்குள்ளும் கிரிக்கெட்டுக்குள்ளும் துண்டு துண்டாகத் தெரிந்தது அங்கே முழுதாகத் தெரிந்தது, நெற்றி, ஒரு பக்கம் தூக்கின காது, எல்லாம். ஜெனிற்றாவின் சின்னவள், மாமா என்றாள். அந்த நேரம் அப்பா மண்வெட்டியோடு வளவுக்குள்ளிருந்து வந்து வாசலில் நின்றார். கொஞ்சநேரம் பார்த்தார். கால் கழுவாமல், நான் கூட்டின நிலத்தில் புழுதியோடு நடந்து வந்து, சுவரில் இருந்த சுவிச்சை அமத்திப்போட்டார். செபநாயகம், அங்கிள் இது இடையில் நிற்பாட்டக்கூடாது என்று சொன்னான்.

"இருக்கட்டும் தம்பி, அவன் வந்தாப் பிறகு அழிப்பம்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு, செபநாயகத்துக்குத் தேத்தண்ணி போடு என்று எனக்குச் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். அந்த மனிசனோடு எனக்குக் கோபிக்க முடியவில்லை, அதனால் வந்த கோபம் எல்லாம் சேர்த்து உனக்குத்தான்.

ஆகையால் இதைக் கவனமாகக் கேள். புது ரீவி அனுப்பாதே. அனுப்பினால் பெட்டி விறாந்தையில் பிரிக்காமல் கிடக்கும், மேலே நான் மிளகாய் காயப்போடுவேன். பழையதைக் கழற்ற ஆள் வந்தால் அந்த ஆள் முதலில் என்னோடு கதைக்கவேண்டிவரும். செபநாயகம் அந்த வெள்ளைப் படத்தை ஒரு டிவிடியில் பதிந்து தந்திருக்கிறான், என்னுடைய சீலை அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது, நீ வந்து உன் கையால் போடு. நத்தாருக்கு லீவு இல்லையென்றால் தைக்கு வா, தைக்கும் இல்லையென்றால் எப்போதென்று நீயே அப்பாவிடம் சொல்லு, தங்கச்சியிடம் சொல்லாதே.

வருகிற ஞாயிறு எடுக்கும்போது என்னைக் கேட்காமல் அப்பாவைக் கேள். வாழைக்குள் நிற்கிறார் என்று நான் சொல்லுவேன், சரி அம்மா என்று வைத்துவிடாதே. அவர் வந்து எடுக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நில். குளிர் தொடங்குகிறதாம், தலைக்குப் போட்டுக்கொண்டு வெளிக்கிடு. தயாளினியைப் பகிடிக்கும் சத்தம் போட்டுக் கதைக்காதே, உன்னுடைய சத்தம் எங்கே போய்க் குத்தும் என்று உனக்குத் தெரிகிறதில்லை. மிளகாய்த்தூள் இந்தக் கோபத்தோடு வறுத்தது, உறைப்புக் கூட, கறிக்கு அளவாகப் போடு.

போகிற வழியிலும் வருகிற வழியிலும் கர்த்தர் உன்னோடு இருக்கட்டும். முக்கியமாக வருகிற வழியில்.

இப்படிக்கு,
உன் முகத்தைச் செய்திக்குள் தேடுகிற
அம்மா,
சீலா ஏர்னெஸ்ட்