அந்தி வரைக்கும் வைத்திருங்கள்

கொட்டாஞ்சேனை
12.03.2008

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி? தோட்டத்து ஆபீசுக்குப் போன் பண்ணவில்லை என்று கோபிக்காதீங்க. ரோட்டில் நின்று தமிழில் பேசப் பயமாக இருக்கிறது. இங்கே தங்குகிற தமிழர் எல்லாரும் பொலிசில் பதியவேண்டுமாம், வீட்டுக்கார ஸுபைதா ராத்தா என் பெயரையும் பதிந்துவிட்டார்.

நேற்று மரபணுப் பாடம். படிப்பிக்கிற சேர் சொன்னார்: இனம் ரத்தத்தில் இல்லையாம். சிங்களவர், தமிழர், யார் ரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாலும் பிரிக்க முடியாதாம். எல்லாருமே ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டவர்களின் பிள்ளைகளாம். திரும்பி வரும்போது ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்தி, தமிழர் எங்கள் மூன்று பேரை மட்டும் இறக்கினார்கள். கண்ணாடி இல்லாமலே பிரித்துவிட்டார்கள்!

தாய் தகப்பனின் ரத்த வகை எழுதி வரவேண்டும். உங்க கிளினிக் அட்டையைப் பார்த்து எழுதுங்க.

அன்பு மகள்,
சர்மிளா

புளத்கொகுபிட்டிய
20.03.2008

அன்பு மகளுக்கு,

மழையால் நாலு நாளாக ரப்பர் பால் வெட்டு இல்லை. அட்டையில் ஏபி என்று இருக்கிறது. உன் அப்பா கன்னையா செத்தபோதே அவர் அட்டையும் தொலைந்துவிட்டது. ரத்தத்தை எல்லாம் எதற்குக் கிண்டுகிறார்களோ! வெளியே போகும்போது பொட்டை அழித்துவிட்டுப் போ. இதை எழுத எனக்கே கை கூசுகிறது.

அம்மா,
விஜயகலா

கொட்டாஞ்சேனை
29.03.2008

அம்மா,

என்னுடையது ஓ. ஏபி தாய்க்கு ஓ வகையில் பிள்ளை பிறக்காது என்று பாடம். இரண்டு தடவை ஊசி குத்திப் பார்த்தேன். வகுப்பில் உங்களை பி என்று பொய்யாக எழுதிக் கொடுத்தேன். அட்டையில்தான் பிழை, இல்லையா? பிழை என்று ஒரு வரி எழுதுங்க. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சர்மிளா

புளத்கொகுபிட்டிய
21.04.2008

என் மகளே,

உன்னைப் பொலிசில் பிடித்து வைத்திருப்பதாக ஸுபைதா தோட்டத்து ஆபீசுக்குப் போன் பண்ணினார். மூன்று வாரமாகப் பதில் போடாமல் இருந்த பாவி நான். பக்கத்து லயத்து வீட்டு உதயராஜ் தம்பி கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

அட்டையில் பிழை இல்லை. எண்பத்தொன்பதில் சிங்களப் பையன்களின் கிளர்ச்சியை ஆமி அடக்க, ஊரெல்லாம் பிணம் விழுந்த காலம். நான் பெற்ற சர்மிளா இரண்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். ஊரடங்கு, சாவைப் பதியக்கூட வழியில்லை. எட்டாம் நாள் காலையில், கீழ்க் கிராமத்துச் சீலாவதி ரப்பர் பால் நிறுக்கிற கொட்டிலுக்கு ஓடி வந்தாள். அவள் புருஷனை அதற்கு முந்தின நாள்தான் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். "அக்கே, அந்தி வரைக்கும் வைத்திருங்கள்" என்று சிங்களத்தில் சொல்லி உன்னை என் கையில் வைத்தாள். எனக்குப் பால் வற்றியிருக்கவில்லை. நீ குடித்தாய். அவள் வரவேயில்லை. செத்த பிள்ளையின் பெயரும் பிறப்புச் சான்றிதழும் உனக்காயின. லயத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு அந்தியும் எனக்குப் பயம்தான்.

இந்தக் கடிதத்தை அவர்களிடம் காட்டு. சிங்களப் பிள்ளை என்று சொல். விட்டுவிடுவார்கள். நான் பக்கத்தில் நின்றால் நம்பமாட்டார்கள் என்றுதான் வரவில்லை.

விஜயகலா

கொட்டாஞ்சேனை
27.04.2008

அன்புள்ள அம்மாவுக்கு,

பயப்படாதீங்க, வெளியே வந்துவிட்டேன். சேர் வந்து கையெழுத்துப் போட்டார்.

உங்க கடிதம் உள்ளே இருக்கும்போதே கிடைத்தது. பொலிஸ்காரர், "மொக்கத லியலா தியென்னே?" என்று அதட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நீட்டத்தான் நினைத்தேன் அம்மா, பொய் சொல்லமாட்டேன். பக்கத்தில் ஹட்டன் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அவள் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் சேரின் கண்ணாடி பிரிக்காது. ஆனால் அவளைக் காப்பாற்ற அப்படி ஒரு கடிதம் இல்லை. "சாப்பிட்டியான்னு அம்மா கேக்குறாங்க" என்று சிங்களத்தில் சொன்னேன். அவள் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். எனக்குத் தூக்கம் இல்லை.

உங்க மேல் கோபம் இருக்கிறது. நேரில் சண்டை போடுவேன். வெசாக் பௌர்ணமி லீவுக்கு வருகிறேன். சீலாவதி அம்மா நின்ற இடத்தைக் காட்டுங்க. என் பேருக்குச் சொந்தக்காரியைப் புதைத்த இடத்தையும் காட்டுங்க, அவளுக்குப் பூப் போடவேண்டும்.

நாளைக்கு மறுபடியும் பொலிஸ் பதிவு. தாயின் பெயர் என்ற இடத்தில் விஜயகலா என்றுதான் எழுதுவேன்.

அந்தி பஸ்ஸில்தான் வருவேன். கதவைத் திறந்து வையுங்க.

உங்க மகள்,
சர்மிளா