ஐந்து பேருக்காகக் கழுவிய கை

இன்று காலை கண்டியில் ஒரு வங்கிக்குள் நுழையும்போது, கதவோரம் மாட்டியிருந்த இயந்திரத்தின் கீழே கையை நீட்டினேன். கிருமிநாசினி சொட்டியது. அந்த ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதும் வந்த வேலையே மறந்துவிட்டது. திரும்பி பஸ் ஏறி வீட்டுக்கு வந்து உனக்கு இதை எழுதுகிறேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

நான் தாதி, நீ அதே வாட்டில் அட்டெண்டன். கம்பளையிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் வருவோம். பஸ்ஸில் என்னை வாய்க்கு வந்தபடி கேலி செய்வாய். ஆஸ்பத்திரிப் படி ஏறியதும் நான் உனக்கு ‘மிஸ்’ ஆகிவிடுவேன். அந்த மரியாதையிலும் கொஞ்சம் கேலி இருக்கும்.

பிறகுதான் அந்த இயந்திரங்கள் வந்தன. கழுத்து அட்டையைக் காட்டி அமுக்கினால் ஒரு கூவலோடு மருந்து சொட்டும், அட்டைக்காரர் கை சுத்தம் செய்ததாகக் கணக்கில் ஏறும். எந்த வாட்டு முன்னால் நிற்கிறது என்று நடைபாதைத் திரையில் காட்டுவார்கள், மாதாமாதம் ஒரு வெற்றிக் கிண்ணமும் கொடுப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். கை கழுவச் சொல்ல எங்களுக்கு ஓர் இயந்திரம் தேவைப்பட்டதே, அதுதான் வெட்கக்கேடு. அதற்கும் கையைப் பார்க்கத் தெரியாது, அட்டையைத்தான் பார்க்கும்.

முதலில் கேட்டவள் நான்தான். நோயாளிகள் நிரம்பி வழிந்த நாள் அது. “நீ எப்படியும் இந்தப் பக்கம் போய் வந்துகிட்டுத்தானே இருக்கே, என் அட்டையையும் காட்டி ஒருக்கா அமுக்கிரு” என்றேன்.

“சரிங்க மிஸ். கை என்னோடது, பேரு உங்களோடது” என்று சிரித்தாய்.

ஒரு வாரத்தில் மற்ற மூன்று தாதிமாரின் அட்டைகளும் உன் சட்டைப் பைக்குள் வந்துவிட்டன. உன்னுடையதோடு ஐந்து. ஒவ்வொரு வாசலிலும் ஐந்து தடவை அமுக்கி அமுக்கி உன் கை வெடித்துப்போனது. குழம்பு பட்டால் எரிகிறது என்று கரண்டியால் சாப்பிட்டாய். நாங்கள் உன்னைத் துரைசாணி என்று கூப்பிட்டுச் சிரித்தோம். அந்த மாதம் கிண்ணம் எங்களுக்குத்தான். அதை ஏந்திக்கொண்டு நாங்கள் நால்வரும் நின்றோம், படம் எடுத்தது நீ.

பித்தப்பையில் கல் என்று நீயே எங்கள் வாட்டில் வந்து படுத்தாய். அட்டைகள் வேறு ஒருத்தியின் பைக்குப் போயின. அறுவை முடிந்த மூன்றாம் நாள், பக்கத்துக் கட்டில் அம்மாவின் கால் புண்ணைத் துடைத்த அதே கையுறையோடு உன் கட்டைப் பிரித்தேன். அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவசரம் எந்த நாளில்தான் இல்லை? நீ என் கையைப் பார்த்தாய். அந்த நேரம் பார்த்து வாசலில் இயந்திரம் கூவியது, ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. அதில் ஒன்று என் பெயருக்கு.

“மிஸ், கை…” என்றாய், மெதுவாக.

“இந்தா முடிஞ்சிருச்சு, ஒரு நிமிஷம் பொறு” என்றேன்.

நீ வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நீயே அத்தனை நாள் எங்களுக்காக அமுக்கியவள், எந்த வாயால் சொல்வாய்? உன் வாயை அடைத்தவளும் நான்தான்.

வீட்டுக்குப் போய் ஐந்தாம் நாள் காய்ச்சலோடு திரும்பி வந்தாய். புண்ணில் சீழ். கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். இரண்டு நாள்தான் தாங்கினாய்.

விசாரணை வைத்தார்கள். இயந்திரத்தின் பதிவை எடுத்துப் பார்த்தால், வாட்டு வாசலில் நான் ஒரு தடவைகூடத் தவறியிருக்கவில்லை. அதோடு கேள்வி உன் புருஷன் பக்கம் திரும்பியது. வீட்டில் கட்டு மாற்றியது யார் என்று கேட்டார்கள். த்ரீவீல் ஓட்டும் அந்த மனுஷன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். நகக்கண்ணெல்லாம் ஒயில் கறை. அதற்கு மேல் யாரும் எதையும் தேடவில்லை. நான் அந்த விசாரணை அறையில்தான் இருந்தேன், வாய் திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு உன் வீட்டுக்கு வந்தேன். உன் புருஷனே எனக்கு இலை போட்டார்.

“சவுக்காரம் போட்டுத் தேச்சுத் தேச்சுத்தான் கழுவுனேன் தங்கச்சி. ஆனா இந்தக் கறை போகல பாருங்க. நான்தான் அவளைக் கொன்னுட்டேன்.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க அண்ணே” என்றேன். சொல்லிவிட்டு அவர் பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டேன்.

வேலையில் நான் இப்போது ஒழுங்கு. என் அட்டை என் கழுத்தில்தான் இருக்கிறது, என் கையும் வெடித்திருக்கிறது. அதனால் யாருக்கு என்ன? கம்பளை ஸ்டாண்டில் என்னைக் கண்டால் உன் புருஷன் வண்டியை விட்டு இறங்கி, கையைத் துணியால் துடைத்துத் துடைத்துக்கொண்டேதான் பேசுகிறார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நழுவிவிடுகிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும். தெரிந்தவளுக்குத்தான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், நீ எழுந்து வந்து ஒன்றும் கேட்கமாட்டாய் என்ற தைரியத்தில். கேட்கக்கூடிய மனுஷன் ஸ்டாண்டில் நிற்கிறார். அவரிடம் போக எனக்கு இன்னும் கால் வரவில்லை.