காகிதச் சிக்கனம்

ஏப்ரல் 3, 1944. திங்கள்.

காலை எட்டுக்கே அனல். ஆங்கிலக் கட்டுரைத் தேர்வு. பானைத் தண்ணீர் பதினொன்றுக்குத் தீர்ந்தது; பியூனை இருமுறை கிணற்றுக்கு அனுப்பினேன்.

பத்தே முக்காலுக்கு வரிசைகளுக்கிடையே நடந்தபோது பழனியப்பனின் தாளைப் பார்த்தேன். மூன்று வரிகளில் ஐந்து குறுக்கங்கள். கவர்ன்மெண்ட் என்று எழுத வேண்டிய இடத்தில் நாலெழுத்தும் ஒரு புள்ளியும். ‘அண்ட்’ வர வேண்டிய இடத்தில் ஒரு சுழி. டோண்ட், கேண்ட், வோண்ட். பின்வரிசையிலும் அதே. நம் பள்ளியின் பிள்ளைகள் பத்தொன்பது பேர். பத்தொன்பது தாளிலும் அதே.

மேற்பார்வையாளர் வாய் திறக்கலாகாது என்பது விதி. திறக்கவில்லை. பன்னிரண்டரை வரை நின்றேன்.

குறுக்கம் ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் பிடித்தம். ஒரு தாளில் முப்பது இருந்தால் பதினைந்து போயிற்று. மிஞ்சுவதைக் கொண்டு எவனும் தேற மாட்டான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தேர்வாளர் கூட்டத்தில் இந்தப் பிடித்தத்தை வற்புறுத்திப் பேசியவர்களுள் நானும் ஒருவன். சுருக்கி எழுதுவது சோம்பலின் அடையாளம் என்றேன். கை தட்டினார்கள்.

வெளியே வந்த பிள்ளைகள் சிரித்த முகத்தோடு வந்தார்கள். ஒருவன் மற்றவனிடம்: “நாலு தாள்தாண்டா வாங்குனேன். எட்மாஸ்டர் பாத்துட்டே நின்னாரு. சந்தோசமாத்தான் இருந்திருக்கும் அவருக்கு.”

ஏப். 4. செவ்வாய்.

தூக்கமில்லை. பல் வலி. சேலத்திலிருந்து மனைவியின் கடிதம்: பேரக்குழந்தைக்கு மாந்தம், இன்னும் பத்து நாள் அங்கேயே இருப்பாளாம். நல்லது.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

1. யுத்தம். காகிதக் கட்டுப்பாடு. பள்ளிக்கென்று அரசு ஒதுக்கிய காகிதம் இரண்டாண்டுகளாக வந்துகொண்டுதான் இருந்தது.
2. வந்ததில் முக்கால் பங்கு தாளாளரின் (இனி தா.) கடலை மில்லுக்குப் போயிற்று. எனக்குத் தெரியும்.
3. நான் தா.விடம் கேட்கவில்லை. மாறாக ஒரு சுற்றறிக்கை விட்டேன்: ஆங்கிலக் கட்டுரைகளில் சுருக்கக்கூடியவை யாவற்றையும் சுருக்குக; ஒட்டக்கூடிய சொற்களை ஒட்டுக; ஒரு கட்டுரை ஒரு பக்கத்துக்கு மேல் போகலாகாது.
4. படியெழுதியவர் ஆங்கில உதவி ஆசிரியர் நடராஜன் (இனி ந.). வாழப்பாடிக்காரர், முப்பது வயது. கீழே என் இனிஷியல் மட்டும்.
5. பொதுத் தேர்வுக்கு மூன்று மாதம் முன்னதாகச் சுற்றறிக்கையை ரத்து செய்வதென்று எண்ணியிருந்தேன்.

ஐந்தாவதைத் தேடி இதே நாட்குறிப்பைப் புரட்டினேன். ஜனவரி 17: “மண்ணெண்ணெய் பர்மிட். சு.அ. ரத்து. கூரை ஓடு.” மூன்றுக்கும் எதிரே டிக். நினைத்த மாத்திரத்தில் டிக் போடுவது என் பழக்கம். மண்ணெண்ணெய் வந்தது. ஓடு மாற்றியாயிற்று.

மாலை ந. வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, கட்டுரையை எப்படி எழுதினோமென்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

“ரெண்டு வருஷமா நான் திருத்தின நோட்டுல ஒரு முழு வார்த்தை பார்த்ததில்ல சார். அன்னைக்கே சொன்னேன். நீங்க கண்ணாடியைத் துடைச்சிட்டு இருந்தீங்க.”

உண்மை. துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப். 5. புதன்.

வரும் புதன், 12ஆம் தேதி, சென்னையில் தேர்வாளர் கூட்டம். அதற்குள் தலைமைத் தேர்வாளர் கையில் என் கடிதம் இருந்தால், இப்பள்ளியின் தாள்களுக்குப் பிடித்தத்தை நிறுத்தி வைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. கூட்டம் முடிந்து திருத்தத் தொடங்கிவிட்டால் எவருக்கும் இல்லை. வெள்ளி, புனித வெள்ளி, தபால் இல்லை. ஆகவே சனிக்கிழமை கடைசி.

கடிதம் மட்டும் போதாது. தோல்வியை முன்கூட்டியே அறிந்த தலைமை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் எழுதும் கதைகளை நானே படித்துச் சிரித்திருக்கிறேன். சுற்றறிக்கையைக் காட்ட வேண்டும்.

சுற்றறிக்கைப் புத்தகம் அலமாரியில் இல்லை. “பெரியவரு ஊட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க” என்றான் பியூன். தா. வீட்டுக்கு நடந்தேன். விசுப்பலகையில் சாய்ந்திருந்தார். மோர் கொடுத்தார்கள். புத்தகம் அவர் பக்கத்திலேயே இருந்தது. ஒரு தாள் மட்டும் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. வெட்டியவர் அவசரப்படவில்லை.

“அதுக்கென்னங்க எட்மாஸ்டர் இப்போ? எழுதுனது அந்த வாத்தி. பசங்க நோட்டுல திருத்துனதும் அவன் கைதான். போகச் சொல்லீட்டா முடிஞ்சுது. உங்களுக்கு இன்னும் ஒரு வருசந்தானுங்களே. பேசாம ஊட்டுக்குப் போயி படுங்க.”

சுற்றறிக்கை யாருடையது என்பது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும் என்றேன். காகிதம் எங்கே போயிற்று என்பதும்.

“தெரிஞ்சுட்டே ரெண்டு வருசம் இருந்தீங்களே. அப்ப நானு மோசம், நீங்க யோக்கியமுங்களா?”

சொல்லிவிட்டு மோர் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். மறுக்காமல் குடித்தேன்.

ஏப். 6. வியாழன்.

ந. பெயருக்கு விலக்கல் கடிதம் தட்டெழுதப்பட்டு என் மேசைமேல் கிடந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

கையெழுத்திட்டால்: ந. போவார். பத்தொன்பது பேரும் தவறுவர். நான் அடுத்த ஆண்டு மாலையோடு ஓய்வு பெறுவேன்.

இடாவிட்டால்: நான் போவேன். பத்தொன்பது பேரும், கையில் சான்று ஒன்றும் இல்லாத காரணத்தால், எப்படியும் தவறுவர்.

மாணவர் நோட்டுகளில் இருப்பது ந.வின் சிவப்பு மை. தா. சொன்னதில் பிழையில்லை. எல்லாம் அவரையே காட்டுகின்றன.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். தா., ந., சு.அ. இனி இப்புத்தகத்தில் எவர் பெயரும் குறுக்கப்படாது.

பிற்பகல் ஒன்று நினைவுக்கு வந்தது. முதலாண்டில், நடராஜன் காய்ச்சலில் கிடந்த மூன்று வாரங்கள், நோட்டுகளை நானே திருத்தினேன். ஒரே ஒருவன் சுற்றறிக்கையைப் பொருட்படுத்தாமல் எழுதியிருந்தான். பெயர் நினைவிருக்கிறது. திங்களன்று தேர்வறையில் நான் முதலில் பார்த்த தாள் அவனுடையது.

விலக்கல் கடிதம் மேசைமேலேயே. அதன் மேல் மைக்கூட்டை வைத்துவிட்டு வந்தேன்.

ஏப். 7. வெள்ளி.

பழனியப்பன் ஊருக்குப் புறப்பட்டேன். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ். திருச்செங்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆறு மைலில் புகை கக்கி நின்றது. கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிளறினான். “எறங்கி நடந்தா முன்னால போயிருவீங்க சாமி” என்று ஒருவர் யோசனை சொன்னார். இறங்கி நடந்தேன். மலை எந்நேரமும் எதிரே. கிட்டே வரவே இல்லை.

பழனியப்பன் வீட்டில் அவன் தாய் மட்டும். பண்ணையத்தில் களை பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். பையன் ஈரோட்டுக்கு வேலை கேட்கப் போயிருக்கிறான். ரேஷன் ஆபீசில் குமாஸ்தா எடுக்கிறார்கள். ஸ்கூல் பைனல் தேறியிருக்க வேண்டும். பழைய ஆங்கில நோட்டு வேண்டும் என்றேன். கம்புப் பானைக்கு அடியிலிருந்து எடுத்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

மரத்தடியில் நின்றே பிரித்தேன். ‘சந்தை நாள்’ என்ற கட்டுரை. ஒவ்வொரு சொல்லும் முழுமையாக, நிதானமாக. ஒரு குறுக்கமும் இல்லை. அந்த வகுப்பில் நான் படித்த கட்டுரைகளுள் அதுதான் சிறந்தது என்று இப்போது தெரிகிறது. அதில் பதினான்கு சொற்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். கீழே: “காகிதத்தை வீணாக்காதே. சுற்றறிக்கையைப் படி.” முழுக் கையொப்பம். தேதி. கோபத்தில் இனிஷியல் போதாது போலும்.

அடுத்த கட்டுரையில் ஒரு வரிகூட ஒழுங்காக இல்லை. எங்கும் புள்ளியும் சுழியும். அதன் கீழ் “நன்று”. அதுவும் என் கை.

“பாசாயிருவானுங்களா சாமி?”

அவன் தவறேதும் செய்யவில்லை என்றேன். அவள் கேட்டது அதுவன்று. நோட்டை மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும் என்றேன்.

“அனுப்புங்க. பின்னாடி எழுதாத தாளு கெடக்குதுங்க. சின்னவ அதுல கணக்குப் போடுவா. திருப்பிக் குடுப்பாங்களா?”

ஏப். 8. சனி.

காற்றே இல்லை. எட்டரைக்குத் தபாலாபீஸ் வாசலில் நின்றேன்.

கடிதம் ஐந்து பக்கம். சுற்றறிக்கை என்னுடையது, படியெழுதிய உதவி ஆசிரியர் என் முகத்துக்கு நேரே ஆட்சேபித்தார், ரத்து செய்ய மறந்தவன் நான், காகிதம் எங்கே போயிற்று என்பதற்கு ஒரு முழுப் பத்தி. மதிப்பெண் பிடித்தத்துக்காக அன்று நான் பேசிய பேச்சையும் குறிப்பிட்டேன். தலைமைத் தேர்வாளருக்கும் நினைவிருக்கும், தட்டிய கைகளுள் அவருடையதும் ஒன்று. என் பெயர், தந்தை பெயர், பட்டம், பதவி, எதையும் சுருக்கவில்லை.

போஸ்ட்மாஸ்டர் நோட்டைத் தராசில் வைத்துப் பார்த்து, எனக்கு உதவுவதாக எண்ணி, “வேண்டிய தாளை மட்டும் வெட்டி அனுப்பலாமே சார், எதுக்கு முழு நோட்டு?” என்றார். வெட்டிய தாளை எவரும் நம்ப மாட்டார்கள் என்றேன். அரக்கு உருக்கினார். தாளாளர் வீட்டு வண்டிக்காரன் கார்டு வாங்க வந்தவன், வாங்காமலே திரும்பி ஓடினான். பதினொன்றுக்குள் தகவல் போயிருக்கும்.

வழியில் நடராஜன். விலக்கல் கடிதத்தைக் கிழித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். என் குடையை வாங்கி எனக்கே பிடித்துக்கொண்டு பள்ளி வரை வந்தார்.

புதனுக்குள் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தாலும் தலைமைத் தேர்வாளர் படிக்க வேண்டும். படித்தாலும்.

கட்டுவதற்கு முன் எழுதாத தாள்களை எண்ணினேன். இருபத்திரண்டு. திருப்பி அனுப்பும்படி கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருக்கிறேன்.