பத்து எண்ணும்வரை

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். தரங்கம்பாடியில் எல்லாரும் சுகம்தானே? உங்கள் வலது கை இப்போது எப்படி இருக்கிறது? சேலத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் லுத்தரன் பள்ளியில் ஒருவர் பாடம் நடத்தும்போது இன்னொருவர் உட்கார்ந்து கவனிக்கும் பயிற்சி நடக்கிறது. என் வகுப்புக்கு அறிவுச்செல்வி டீச்சர் வந்தார். முடிந்ததும், "இருபது கேள்வி கேட்டீங்க டீச்சர். பதினேழுக்கு நீங்களே பதில் சொல்லிப்போட்டீங்க. கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் மூன்றாம் வகுப்பில், "நம் ஊர் ஏரித் தண்ணீர் எதற்குப் பயன்படுகிறது?" என்று கேட்டுவிட்டு எண்ணினேன். ஆறு எண்ணுவதற்குள் கையிலிருந்த சாக்பீஸை ஒடித்துவிட்டேன். ஒன்பதில், இதுவரை வாயே திறக்காத கனிஷ்கா எழுந்தாள்.

"ஏரியில தண்ணி இல்லீங்க டீச்சர். எங்கூட்டு ஆடுதான் மேயுதுங்க."

பாசனத்துக்கு என்று நான் சொல்லியிருப்பேன்.

அம்மாவிடம் சின்ன குக்கரைக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். பெரியதில் எனக்கு மட்டும் சமைத்தால் இரண்டு நாள் அதையே சாப்பிட வேண்டியிருக்கிறது.

அப்பா, பக்கவாதம் வந்தபின் உங்களுக்கு வார்த்தை வரத் தாமதமாகிறது. போன வாரம் போனில் "பாப்பா..." என்று ஏதோ சொல்ல வந்தீர்கள். "மாத்திரையாப்பா? தம்பியை வாங்கச் சொல்றேன்" என்று நானே முடித்து வைத்துவிட்டேன். அது மாத்திரை இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

மணி அடிக்கிறது, வகுப்புக்குப் போக வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூப்பிடுகிறேன். நீங்கள் மெதுவாகச் சொல்லுங்கள். பத்து தாண்டினாலும் எண்ணிக்கொண்டிருப்பேன்.

உங்கள் மகள்,
சுகிர்தா